பதினோராவது ஆள்

"காலோய்ந்தவனை எடுத்துவிட்டு
புதுக்காலை இறக்கலாமா?" என்று
இரண்டு பயிற்சியாளர்களும் என் முகத்துக்கு நேரே கத்தினார்கள்.
முடியாது என்றேன்.
ஆட்டம் முடிந்தபோது களத்தில் நின்றவன்தான் உதைக்கலாம்.
கோலிக்கு அடிபட்டால், அதுவும் மாற்று மிச்சமிருந்தால்,
அப்போது பேசுவோம்.
திட்டமாகச் சொன்னேன். சரியாகச் சொன்னேன்.
சரியாகச் சொன்ன ருசியில்
அடுத்ததை மறந்தேன்.

சாட்ஸ்வொர்த், ஏழாம் யூனிட் மைதானம்.
இரண்டுக்கு இரண்டு.
எட்டு மணிக்கு, அறிவித்தபடியே,
கரண்ட் போனது.
யாரும் வீட்டுக்குப் போகவில்லை.
ஒரு பேக்கரி வேன், இரண்டு மினிபஸ் டாக்சி,
கல்யாண வீட்டிலிருந்து ரிப்பனோடு வந்த வெள்ளைக் கார்
வேலியோரம் மூக்கை நுழைத்து
கோல் கம்பத்துக்கு வெளிச்சம் போட்டன.
ஈசல் பறந்தது.
ஒவ்வொரு பூச்சிக்கும் பெரிய நிழல்.

பகலில் நான் ஆஸ்பத்திரிப் பதிவறையில்
வந்தவரையும் போனவரையும் எண்ணி எழுதுகிறவள்.
எண்ணிக்கையில் தப்பியதில்லை.

எண்பத்துமூன்றாம் நிமிஷம்
ஷால்கிராஸ் மண்ட்லாவுக்குச் சிவப்பு அட்டை காட்டியது
இதே கைதான்.
ஆக அவர்கள் பத்து,
வெல்பெடாக்ட் பதினொன்று.
உதை தொடங்குமுன்
கூடின பக்கம் ஒருவனைக் கழித்துச்
சமமாக்க வேண்டும்.
எவனை என்பது கேப்டன் பாடு.
கேட்பது என் பாடு.

கேட்கவில்லை. விசில் அடித்தேன்.

ஐந்து, ஐந்து. சமம்.
பிறகு ஒவ்வொன்றாக.
கோலிகளும் உதைத்தார்கள்,
கையுறையைக் கழற்றாமல்,
வெட்கப்பட்டுக்கொண்டே.
பத்து முடிந்தும் சமம்.

ஷால்கிராஸில் ஆள் தீர்ந்து
முதலாமவனே மறுபடி வந்தான்.
அவர்களில் ஆகச் சிறந்த கால்.
வலை குலுங்கியது.
இந்தப் பக்கம் இன்னும் ஒருவன் பாக்கி:
லெவாஷன் படயாச்சி, எண் நான்கு,
கிடைத்த பந்தையெல்லாம் தெருவுக்கு அனுப்பியே
பேர் வாங்கிய தடுப்பாட்டக்காரன்.
அன்றைக்கும் அனுப்பினான்.
வேனின் இடது விளக்கு உடைந்து
மைதானம் ஒரு கண்ணால் பார்த்தது.

இரவு இரண்டு மணிக்கு
சமையலறை மேசையில் அறிக்கை எழுதும்போதுதான்
பென்சில் நின்றது.
ஒரு பத்தியில் பத்துப் பெயர், முதல் பெயர் இருமுறை.
மறு பத்தியில் பதினொன்று.
மேலிருந்து எண்ணினேன். கீழிருந்து எண்ணினேன்.
தேநீர் போட்டுக் குடிக்காமல்
மறுபடி எண்ணினேன்.
உதைக்கவே வேண்டாத ஒருவனை
உதைக்க வைத்திருக்கிறேன்.

சங்கத்துக்கு எழுதினேன்.
ஒரு வரி பதில் வந்தது: முடிவு முடிவுதான்.

ஊர் அவனுக்கு 'ஹெட்லைட்' என்று பேர் வைத்தது.
ரொட்டி வாங்கப் போனால் ஹெட்லைட்,
கோவில் வரிசையில் ஹெட்லைட்.
அவன் அம்மாவை ஒருத்தி
"ஹெட்லைட் அம்மா" என்றதை
என் காதால் கேட்டேன்.

ஆகஸ்டில் என் டயர் வெடித்தது.
ஹைவே ஓரத்துக் கடையில்
ஜாக்கோடு வந்தவன் அவன்.
குனிந்த முதுகைப் பார்த்துச் சொன்னேன்,
விதியை, என் மறதியை,
அந்த உதை உன் கணக்கில் இல்லை என்பதை.

நட்டை முறுக்குவதை அவன் நிறுத்தவில்லை.
"கேப்டன் என்னைத்தான் கழிக்க வந்தான், அக்கா.
தோளில் கைகூட வைத்துவிட்டான்.
நீங்கள் விசில் அடித்ததும் எடுத்துவிட்டான்."
ஸ்பேனரை மாற்றினான்.
"தெரிந்துதான் விட்டீர்கள் என்று இருந்தேன்.
இவனும் ஒருதரம் உதைக்கட்டுமே என்று."

பிறகு பேச்சில்லை.
ஜாக்கை இறக்கினான்.
வண்டி முனகிக்கொண்டு தரைக்கு வந்தது.

நூற்றிருபது ராண்ட் என்றான்.
இருநூறு கொடுத்தேன்.
மிச்சத்தை எண்ணாமல்
பையில் போட்டுக்கொண்டேன்.